பழைய கார் படுத்துருச்சு, டெப்ட் ரிவ்யூ இன்னும் முடியல!

வாசகர் கேள்வி-பதில்: பணமும் வீட்டுக் கணக்கும்

கேள்வி: அண்ணே வணக்கம். தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருக்கேன், கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில நர்ஸ், பேர் போட வேணாம். வீட்டுக்காரருக்கு வேலை போனப்போ கிரெடிட் கார்டு, ரெண்டு பர்சனல் லோன், துணிக்கடை அக்கவுண்ட்னு எல்லாம் சேந்து கழுத்த நெரிச்சதுல டெப்ட் ரிவ்யூல, அதான் கடன் கவுன்சிலர் ஒருத்தர் மூலமா எல்லாக் கடனையும் கொறச்ச தவணைல கட்டுற சட்ட ஏற்பாட்டுல, சேந்தேன், கோர்ட் ஆர்டரும் வந்துருச்சு, ரெண்டு வருஷமா ஒரு மாசம் கூட தவறாம கட்டிட்டு வரேன், இன்னும் ரெண்டு வருஷம் கிட்ட பாக்கி இருக்கு. இப்ப பிரச்சன எங்க கார்தான். டொயோட்டா டாஸ், 2005 மாடல், அதுமேல கடன் எதுவும் இல்ல. போன மாசம் N2 ஹைவேல சூடு ஏறி நின்னுருச்சு. மெக்கானிக் ஆயில் மூடிய கழட்டி காட்டினாரு, உள்பக்கம் பூரா வெளுத்துப் போயி கெட்டி மோர் மாதிரி ஒட்டிட்டு இருந்துச்சு. ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, 9,000 ராண்ட் ஆகும், இந்த வண்டிக்கு அவ்ளோ செலவு தெண்டம்னு சொல்லிட்டாரு. நான் நைட் ஷிஃப்ட் போறவ, இருட்டுல டாக்சி ரேங்க்ல நிக்க பயமா இருக்கு. ஒரு கார் கடைல விசாரிச்சா, "டெப்ட் ரிவ்யூவா? பரவால்ல, 6,000 ராண்ட் கட்டுங்க, ஒரே மாசத்துல அத எடுத்துட்டு ஃபைனான்ஸ் போட்டுரலாம்"ங்குறாங்க. நம்பலாமா? இல்லன்னா என் கவுன்சிலர்ட்டயே ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போனா பேங்க்ல லோன் குடுப்பாங்களா?

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த 6,000 ராண்ட யார் கையிலயும் குடுத்துராதீங்க, அதுக்கு வேற நல்ல வேலை இருக்கு, கீழ சொல்றேன்.

கவுன்சிலர் லெட்டர் கேட்டீங்கள்ல, அது நடக்காது, அவருக்கு மனசு இல்லாம இல்ல, சட்டத்துலயே அதுக்கு வழி இல்ல. 2005-ம் வருஷத்து நேஷனல் கிரெடிட் ஆக்ட் 88-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, டெப்ட் ரிவ்யூக்கு அப்ளிகேஷன் போட்ட நாள்லேர்ந்து கடன் எல்லாத்தையும் கட்டி முடிக்கிற வரைக்கும் புதுசா எந்தக் கடனும் வாங்கக்கூடாது, ஏற்கனவே இருக்குற கார்டையும் தேய்க்கக்கூடாது. விதிவிலக்குன்னு பாத்தா இருக்குற கடனையெல்லாம் ஒண்ணாச் சேக்குற கன்சாலிடேஷன் ஒண்ணுதான். அவசரம், ஆஸ்பத்திரி வேலை, நைட் ஷிஃப்ட், எதுக்கும் அதுல இடம் இல்ல. கவுன்சிலர் சரின்னு எழுதிக் குடுத்தாலும் அந்தப் பேப்பர வச்சு பேங்க் ஒண்ணும் பண்ண முடியாது.

சரி, பேங்க் மாட்டேன்னாலும் வேற எவனாவது குடுத்தா வாங்கிக்கலாமேன்னு தோணும். அங்கதான் மாட்டிக்குவோம். ரிவ்யூல இருக்குறவங்களுக்குன்னு தெரிஞ்சே கடன் குடுத்தா, அது பொறுப்பில்லாம குடுத்த கடன்னு கோர்ட் சொல்லலாம், அது குடுத்தவனுக்கு வர்ற தலைவலி. ஆனா வாங்கின நம்மளுக்கும் ஒண்ணு இருக்கு. அதே பிரிவுல, இந்தத் தடைய மீறி நீங்களா அப்ளை பண்ணி வாங்கின கடனுக்கு இந்தச் சட்டத்தோட டெப்ட் ரிவ்யூ பாதுகாப்பு என்னைக்குமே கெடையாதுன்னு போட்டிருக்கு. நாளைக்கு அந்தக் கார் தவணை கட்ட முடியலன்னா, சட்டம் எங்களக் காப்பாத்தும்னு போயி நிக்க முடியாது.

இப்ப அந்த "எடுத்துருவோம்" கதைக்கு வரேன். கோர்ட் ஆர்டர் வந்த பிறகு டெப்ட் ரிவ்யூலேர்ந்து பாதியில இறங்க குறுக்குவழி எதுவும் இல்ல. கவுன்சிலர் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனத் தட்டி எடுக்குற சமாச்சாரம் இல்ல இது. வெளிய வர்ற வழி என்னன்னா ஆர்டர்ல இருக்குற கடன கட்டி முடிக்கணும், கவுன்சிலர் ஃபார்ம் 19-ங்குற கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் குடுக்கணும், அது நம்ம கடன் வரலாற வச்சிருக்குற கிரெடிட் பியூரோவுக்குப் போகணும், அவ்வளவுதான். முன்பணம் வாங்கிட்டு ஒரு மாசத்துல எடுத்துத் தரேன்னு சொல்றவங்க பாதிப் பேரு பணம் கைக்கு வந்ததும் போனையே எடுக்க மாட்டாங்க, மீதிப் பேரு என்ன பண்றாங்கன்னா உங்கள வேற கவுன்சிலருக்கு மாத்தி விட்டுட்டு அதையே எடுத்துட்டோம்னு சொல்லுவாங்க. யாரு கவுன்சிலர்னு சொல்லிக்கிட்டு வந்தாலும் அவங்க என்.சி.ஆர்.டி.சி. நம்பரக் கேளுங்க, மிட்ராண்ட்ல இருக்குற நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டர் பதிவுல அந்த நம்பர் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

ஆக கார்னா கையில இருக்குற காசுக்குத்தான். இப்படிச் சொன்னதும் நெறைய பேருக்கு முகம் சுருங்கிப் போகும், ஆனா உங்க நெலமைல அது அவ்ளோ மோசமில்ல, ஏன்னா உங்க டாஸ் மேல கடன் இல்ல, அது முழுக்க உங்க சொத்து.

அந்த 9,000 ராண்ட் ரிப்பேர அவசரப்பட்டு தெண்டம்னு தள்ளிராதீங்க. மெக்கானிக் கண்ணால பாத்து சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம் தெரியணும், இன்ஜினோட மேல் பாகமான ஹெட் வளைஞ்சு மட்டும் இருக்கா இல்ல விரிசல் விட்டிருக்கா, கீழ இருக்குற இன்ஜின் பிளாக்குக்கு ஏதாச்சும் ஆயிருக்கா. ஹெட்ட கழட்டி இன்ஜினியரிங் ஒர்க்ஷாப்புக்கு அனுப்பி பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, அதுக்கு ஆகுற காசு கம்மிதான். வளைவு மட்டும்னா ஸ்கிம் பண்ணி, அதான் தேச்சு சமமாக்கி, புது கேஸ்கெட், புது போல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரேயடியா மாத்தி ஓட்டிரலாம். சூடு ஏன் ஏறுச்சுங்குறதயும் சேத்துக் கேளுங்க, ரேடியேட்டர் அடைச்சிருந்தா அத விட்டுட்டு கேஸ்கெட்ட மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்ப இதே கதைதான். பிளாக்கே போயிருந்தா ஜப்பான்லேர்ந்து வர்ற பழைய இன்ஜின் போட்டுத் தரோம்னு சொல்லுவாங்க, அது பரவால்ல, ஆனா இன்ஜின் நம்பர் மாறும்ல, போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி ரிஜிஸ்ட்ரேஷன்லயும் நம்பர மாத்தணும், அத விட்டுட்டா பின்னாடி வண்டிய விக்கிறப்போ முழிக்கணும்.

என் கணக்கு இப்படி. 9,000 ராண்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னா மாசத்துக்கு 375 ராண்ட். அந்தக் காசுக்கு இந்த ஊர்ல வேற எந்தக் காரும் கெடைக்காது. டாஸுக்கு பார்ட்ஸ் எங்கயும் கெடைக்கும், அத ரிப்பேர் பண்ணத் தெரியாத பேக்யார்ட் மெக்கானிக்கே டர்பன்ல கெடையாது. பாடி துருப்பிடிச்சு ஃப்ளோர் ஓட்டையாகி இருந்தா மட்டும்தான் நான் விட்டுருங்கன்னு சொல்லுவேன். ரெண்டு வருஷம் கழிச்சு கிளியரன்ஸ் கைல வந்ததும் நல்ல காரா பாத்துக்கலாம்.

அந்த 9,000-க்கு எங்க போறது? கார் கடை கேட்ட அந்த 6,000 கைல இருந்தா அத இங்க போடுங்க. மீதிக்கு வழி சொல்றேன். மொதல்ல கவுன்சிலருக்கு போன் பண்ணி இதச் சொல்லுங்க. உங்க பட்ஜெட்ல பெட்ரோல், வண்டி பராமரிப்புன்னு ஒரு வரி இருக்கும், அது எத்தன ராண்ட்னு போட்டிருக்காங்கன்னு கேளுங்க, நெறைய பேருக்கு அந்த வரி எவ்ளோன்னே தெரியாது. அடுத்து மெக்கானிக்கிட்ட மூணு தவணையா குடுக்குறேன்னு பேசிப் பாருங்க, வட்டியும் கூடுதல் கட்டணமும் இல்லாம அவரு ஒத்துக்கிட்டா அது இந்தச் சட்டம் சொல்ற கடன் ஒப்பந்தத்துல வராது. கவர்ன்மென்ட் வேலைல இருக்கீங்க, பொறந்த மாசத்துல பதிமூணாவது சம்பளம் வரும்ல, அது எப்ப வருதுன்னு பாத்து அதுக்குத் தக்க தவணைய வைங்க. நம்ம ஊர் சீட்டு மாதிரி நடக்குற ஸ்டாக்வெல்ல இருந்தீங்கன்னா இப்பவே உங்க முறைய முன்னாடி தர முடியுமான்னு கேளுங்க, ஸ்டாக்வெல்லுக்கும் உறுப்பினருக்கும் நடுவுல நடக்குற கொடுக்கல் வாங்கல இந்தச் சட்டமே கடன் ஒப்பந்தம் இல்லன்னு தனியா எடுத்து வச்சிருக்கு. ஆனா முன்னாடி எடுத்துட்டு அப்புறம் கட்டாம விட்டா ஸ்டாக்வெல் அக்காங்க கோர்ட்ட விட மோசம், அத நான் சொல்லத் தேவையில்ல.

கடைசியா டூ-பாட், அதான் ரிட்டயர்மென்ட் பணத்த ரெண்டு பங்கா பிரிக்கிற ஏற்பாடு. 2024 செப்டம்பர் 1-லேர்ந்து ரிட்டயர்மென்ட் ஃபண்ட்ல சேமிப்புப் பங்குலேர்ந்து வேலைய விடாமலே எடுக்கலாம், உங்க கவர்ன்மென்ட் பென்ஷன் ஃபண்டுக்கும் அது உண்டு. வரி வருஷத்துக்கு ஒரு தடவதான், குறைஞ்சது 2,000 ராண்ட் எடுக்கணும். ஆனா அது உங்க சம்பளத்தோட சேத்து வரி போடுவாங்க, 26 சதவீத ஸ்லாப்ல இருந்தீங்கன்னா 20,000 எடுத்தா கைக்கு 14,800-தான் வரும், அதுலயும் ஃபண்ட் கட்டணம் தனி, வரித்துறைக்கு, அதான் சார்ஸுக்கு, பழைய பாக்கி ஏதும் இருந்தா மொதல்ல அவங்க எடுத்துக்குவாங்க. நான் இத கடைசில வச்சிருக்கேன், நீங்களும் கடைசிலயே வைங்க.

ஒண்ணு மட்டும் வேணாம், ரிப்பேருக்காக இந்த மாச டெப்ட் ரிவ்யூ பேமெண்ட்ட விட்டுட்டு அடுத்த மாசம் சேத்துக் கட்டலாம்னு நெனைக்காதீங்க. கட்டுற வரைக்கும்தான் கடன்காரன் உங்க மேல கேஸ் போட முடியாம நிக்கிறான். ஆர்டர் படி கட்டாம விட்டா அந்தக் கடனுக்கு அவன் நேரா நடவடிக்க எடுக்கலாம். ரெண்டு வருஷமா கட்டினது ஒரு கேஸ்கெட்டுக்காக போகவேணாம்.

பாத்துப் பாத்து டாஸ் தேறாதுன்னு ஆயிருச்சுன்னா அப்படியே வித்துருங்க, ஓடாத டாஸுக்கும் பார்ட்ஸுக்காக ஆள் வருவாங்க. விக்கிறப்போ ஓனர் மாற்ற ஃபார்ம், என்.சி.ஓ.ன்னு சொல்லுவாங்க, அத நிரப்பி லைசென்சிங் ஆபீஸ்ல நீங்களே குடுத்துட்டு வாங்க, வாங்கினவரு குடுத்துருவாருன்னு விட்டா லைசென்ஸ் ஃபீயும் ஸ்பீட் கேமரா ஃபைனும் உங்க பேருக்கே வந்துட்டு இருக்கும். அந்தக் காசு கூட மேல சொன்னதையும் சேத்து ஒரு கேஷ் கார் பாக்கலாம்.

கேஷ் கார் வாங்குறப்போ நம்ம ஆளுங்க நேரா பெயிண்ட்டத்தான் பாப்பாங்க. பேப்பர மொதல்ல பாருங்க. ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட்ல டைட்டில் ஹோல்டர் யாருன்னு போட்டிருக்கும், பேங்க் பேர் இருந்தா விக்கிறவருக்கு இன்னும் கடன் பாக்கி, அந்த வண்டிய தொடாதீங்க. அதுலயே கோட் நம்பர் இருக்கும், 2-ன்னா பழைய வண்டி, சாதாரணம்தான், 3-ன்னா அடிபட்டோ வெள்ளத்துல போயோ திரும்பக் கட்டின வண்டி. 2022 ஏப்ரல் டர்பன் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது, ப்ராஸ்பெக்டன்ல டொயோட்டா ஃபேக்டரியே தண்ணில முங்கி மாசக்கணக்குல மூடிக் கெடந்துச்சு, அந்த வெள்ளத்துல வீட்டு வாசல்ல நின்ன வண்டிங்க எத்தனையோ காஞ்சு, கழுவி இன்னைக்கும் ரோட்ல ஓடுது. டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, உள்ள சுருண்டு கெடக்குற பாகத்துல சேத்துக்கற இருக்கும், அத யாரும் கழுவ மாட்டாங்க. சீட்டுக்கு அடில இருக்குற ரெயிலத் தடவுங்க, துரு வந்தா கெளம்புங்க.

டீலர்கிட்ட வாங்கினா கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் ஆக்ட் படி ஆறு மாசம் உத்தரவாதம் தானா வரும், கோளாறு வந்தா ரிப்பேர், மாத்து, இல்லன்னா பணம் திருப்பி, எது வேணும்னு நீங்க கேக்கலாம், டீலர் மறுத்தா புகார் விசாரிக்கிற மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மன் கிட்ட போகலாம். பேஸ்புக் மார்க்கெட்ல தனி ஆள்கிட்ட வாங்கினா அது கெடையாது, இருக்குற நெலமைலயே வாங்கிக்கணும்ங்குற அர்த்தத்துல "ஃபுட்ஸ்டூட்ஸ்"னு ஒரு வார்த்த எழுதிட்டு கைய விரிச்சிருவாரு. அதனால அங்க ஒரு 1,000 ராண்ட் கம்மியா கெடச்சாலும் அது லாபம்னு நான் சொல்ல மாட்டேன். வாங்கின பிறகு 21 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும், அதுக்கு வண்டி ரோட்ல ஓடத் தகுதியா இருக்குன்னு சொல்ற ரோட்வொர்தி சர்டிஃபிகேட் வேணும். விக்கிறவரு "நீங்களே எடுத்துக்குங்க"ன்னா அதுக்கு வண்டில என்ன வேலை பண்ணணும்னு கேட்டு அத வெலைல குறைங்க. எலுமிச்சம்பழத்த டயர் அடில வச்சு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போறது ரோட்வொர்தி பாஸானதுக்கு அப்புறம்.

இன்சூரன்ஸ பத்தி நீங்க கேக்கல, நானா சொல்றேன். இந்த நாட்டுல மோட்டார் இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல, அதனால கேஷ் கார் வாங்குறவங்க பாதிப் பேர் எடுக்குறதே இல்ல. ரோட் ஆக்சிடெண்ட் ஃபண்ட் பெட்ரோல் விலைல நம்மகிட்ட வாங்குற காசு ஆளுக்கு அடிபட்டாத்தான், அடுத்தவன் கார் நசுங்கினதுக்கு ஒரு சென்ட் தராது. நைட் ஷிஃப்ட் முடிச்சு கண்ணு சொருகுற நேரத்துல ஒரு புது ஃபார்ச்சூனர் பின்னாடி முட்டினீங்கன்னா ரிவ்யூக்கு வெளிய இன்னொரு கடன் வந்து நிக்கும். கம்ப்ரஹென்சிவ் முடியலன்னா தர்ட் பார்ட்டி மட்டுமாவது எடுங்க, பழைய காருக்கு அது போதும்.

கேள்வி: சார், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாலேர்ந்து எழுதுறேன். நானும் ரிவ்யூலதான். "ரெண்ட் டு ஓன், பிளாக்லிஸ்ட் பரவால்ல, டெப்ட் ரிவ்யூ பரவால்ல"ன்னு எங்க பாத்தாலும் விளம்பரம். அது கடன் இல்ல, வாடகைதான்னு சொல்றாங்க. சட்டத்துக்கு சரியா?

பதில்: வெறும் வாடகைன்னா சரி. மாசம் முடிஞ்சா வண்டிய திருப்பிக் குடுத்துட்டு போயிக்கிட்டே இருக்கலாம், அதுல கடன் எங்க இருக்கு. ஆனா கடைசில வண்டி உங்க பேருக்கு வரும்னு எழுதி, வட்டியும் உள்ள வச்சு தவணையா வாங்கினா, பேர் வாடகைன்னு போட்டாலும் நேஷனல் கிரெடிட் ஆக்ட் கண்ணுக்கு அதுவும் ஒரு கடன் ஒப்பந்தம்தான், மேல நான் சொன்ன அதே தடைக்குள்ள நீங்களும் வந்துருவீங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல நழுவுற மாதிரிதான் அந்தப் பேப்பர எழுதி வச்சிருப்பாங்க.

சட்டத்த விடுங்க, காசக் கணக்குப் போடுங்க. பெரிய டெபாசிட், மாச வாடகை, மாசத்துக்கு இத்தன கிலோமீட்டர்தான்னு ஒரு வரம்பு, தாண்டினா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனி, சர்வீஸ் உங்க தலைல, வண்டிக்குள்ள டிராக்கர். ஒரு மாசம் ரெண்டு நாள் லேட்டானா ராத்திரியோட ராத்திரியா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம பண்ணிருவாங்க, டெபாசிட் போச்சு, கட்டினதும் போச்சு. அவங்க எழுதித் தர்ற மொத்த மாசத்தையும் மாச வாடகையையும் பெருக்கி டெபாசிட்டக் கூட்டிப் பாருங்க, அந்தக் காசுல அதே கார் ரெண்டு வாங்கலாம்னு வரும். அந்த டெபாசிட்ட மட்டும் வச்சே ஒரு பழைய கேஷ் கார் தேறுதான்னு மொதல்ல பாருங்க.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்லேர்ந்து எழுதுறேன் அண்ணா. என் கார் பேங்க் ஃபைனான்ஸ்ல இருக்கு, அதுவும் ரிவ்யூக்குள்ளதான். ரொம்ப பெரிய வண்டி, பெட்ரோலும் இன்சூரன்ஸும் தாங்கல. இதக் குடுத்துட்டு சின்னதா மாத்திக்கலாமா?

பதில்: மாத்துறதுன்னா டிரேட்-இன் பண்ணி புதுசா ஃபைனான்ஸ் போடுறது, அது முடியாது தம்பி. குடுக்குறது முடியும், நேஷனல் கிரெடிட் ஆக்ட் 127-வது பிரிவுல அதுக்கு வழி இருக்கு. பேங்குக்கு எழுத்துல நோட்டீஸ் குடுத்து வண்டிய ஒப்படைக்கணும், பத்து வேலை நாளுக்குள்ள அது எவ்ளோ போகும்னு பேங்க் ஒரு மதிப்பு சொல்லணும். அதப் பாத்துட்டு வயித்தக் கலக்குச்சுன்னா, தவணை பாக்கி எதுவும் இல்லாத பட்சத்துல, அடுத்த பத்து வேலை நாளுக்குள்ள வேணாம்னு திருப்பிக்கலாம். அப்புறம் வித்துருவாங்க, ஏலத்துல வர்ற வெலை உங்க மனசுல இருக்குற வெலையா இருக்காது. கடன்ல பாக்கி இருந்தா அது உங்க தலைல தொடரும், கையில வண்டி இருக்காது, அதுக்குப் பதிலா வாங்க கடனும் கெடைக்காது. வீட்ல இன்னொரு வண்டியோ நடந்து போற தூரத்துல வேலையோ இருந்தா மட்டும் இந்தப் பக்கம் போங்க, அதுவும் கவுன்சிலர்கிட்ட பேசிட்டு.

அதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ பாருங்க. ஃபைனான்ஸ் போட்ட அன்னைக்கு டீலர் கைல திணிச்ச பாலிசியவே இன்னும் கட்டிட்டு இருப்பீங்க, நெறைய வீட்ல அதுதான் நடக்குது. பேங்க் கேக்குற மாதிரி கம்ப்ரஹென்சிவா இருந்தா போதும், கம்பெனிய நீங்களே தேர்ந்தெடுக்கலாம்னு சட்டமே சொல்லுது. நாலு எடத்துல பிரீமியம் எவ்ளோன்னு கேளுங்க, ராத்திரி வண்டி கேட்டுக்குள்ள நிக்குது, வேலைக்கு ஓட்டுறதில்லன்னா அதையும் மறக்காம சொல்லுங்க. குறையுற காச பெட்ரோலுக்கு வைங்க, வண்டி சின்னதாகலன்னாலும் செலவு சின்னதாகும்.

கேள்வி: வெருலம் வாசகன், நானும் ரிவ்யூலதான். என் பேர்ல வாங்க முடியாதுன்னா மனைவி பேர்லயோ மச்சான் பேர்லயோ ஃபைனான்ஸ் போட்டு நான் தவணை கட்டினா என்ன தப்பு? எங்க கல்யாணம் தூத்துக்குடில நடந்துச்சு.

பதில்: மனைவி, மச்சான் ரெண்டும் வேற வேற கேஸ்.

மனைவி விஷயத்துல கல்யாணம் எந்த முறைங்குறதுதான் எல்லாம். இந்த நாட்டுல தனி ஒப்பந்தம் எழுதாம ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணினா ரெண்டு பேர் சொத்தும் கடனும் ஒண்ணு, இன் கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டின்னு சொல்லுவாங்க. அப்படின்னா ரிவ்யூவே ரெண்டு பேரும் சேந்து போட்டதா இருக்கும், மனைவிக்கும் அதே பூட்டுதான். ஆனா வெளிநாட்டுல நடந்த கல்யாணத்துக்கு சொத்து விஷயத்துல, பொதுவா கல்யாண நேரத்துல கணவன் நிரந்தரமா எங்க குடியிருந்தாரோ அந்த ஊர் சட்டம்தான் பேசும். நீங்க அப்ப தூத்துக்குடிலயே இருந்த ஆளுன்னா இந்தியாவுல சொத்து தனித்தனி, மனைவி அவங்க சம்பளத்துல அவங்க பேர்ல வாங்குறது உங்க ரிவ்யூவ தொடாது. நீங்க ஏற்கனவே டர்பன்ல பொறந்து வளந்து பொண்ணு எடுக்க மட்டும் தூத்துக்குடி போனவருன்னா கதை மாறும். இத ஒரு வக்கீல்ட்ட உறுதி பண்ணிட்டு செய்யுங்க, உங்க ரிவ்யூ பேப்பர்ல கல்யாண முறை என்னன்னு போட்டிருக்குன்னும் பாருங்க, சில எடத்துல தப்பாவே எழுதி வச்சிருப்பாங்க. அப்புறம் மனைவி தவணைய உங்க பட்ஜெட்லேர்ந்து கட்டுறதா இருந்தா அதுவும் உதைக்கும்.

மச்சான்... வேணாம். அவரு தன் பேர்ல வாங்கி வண்டிய உங்ககிட்ட குடுத்துட்டாருன்னா, அந்த ஃபைனான்ஸ் ஒப்பந்தத்துலயே வண்டிய வேற ஆள்கிட்ட ஒப்படைக்கக்கூடாதுன்னு இருக்கும். இன்சூரன்ஸ்ல தினமும் ஓட்டுற ஆள் யாருன்னு கேப்பாங்க, அங்க மச்சான் பேர எழுதிட்டு நீங்க ஓட்டுறப்போ அடிபட்டா க்ளெய்ம தள்ளிருவாங்க, கார் போயிருக்கும், மச்சான் அஞ்சு வருஷம் தவணை கட்டுவாரு, உங்க வீட்டம்மா அண்ணன்கிட்ட பேசவே முடியாம போயிரும். அவருக்கு உங்க மேல அவ்ளோ பாசம்னா வட்டியில்லாம கைமாத்தா கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க, குடும்பத்துக்குள்ள வட்டி, கட்டணம் இல்லாம குடுக்குறத இந்தச் சட்டம் தடுக்கல. இல்லன்னா அவரோட பழைய வண்டிய உங்களுக்குக் குடுத்துட்டு அவரு புதுசு வாங்கிக்கட்டும், அவருக்கும் ஒரு சாக்கு கெடச்ச மாதிரி இருக்கும்!

கேள்வி: மேல சொன்னதெல்லாம் ரிவ்யூ உள்ள இருக்குறவங்களுக்கு. எனக்கு இன்னும் மூணு மாசத்துல முடியுது, வீட்டுக் கடன் மட்டும் தொடரும். மிட்ராண்ட்ல வேலை, கார் இல்லாம முடியல. முடிஞ்ச அடுத்த நாளே ஃபைனான்ஸுக்கு போகலாமா?

பதில்: வீட்டுக் கடன் பாக்கி இருந்தாலும் கிளியரன்ஸ் கெடைக்கும், 2015 மார்ச்லேர்ந்து சட்டம் அப்படித்தான். மத்த கடன் எல்லாம் முடிஞ்சிருக்கணும், வீட்டுக் கடன் தவணை நிலுவை இல்லாம இருக்கணும். மூணு மாசம் சும்மா உக்காராதீங்க, ஒவ்வொரு கடன்காரன்கிட்டயும் பாக்கி பூஜ்யம்னு லெட்டர் வாங்கி வைங்க. அந்த ஒரு பேப்பர் வராம கிளியரன்ஸ் மாசக்கணக்குல இழுத்தவங்க கடிதம் இங்க நெறைய வருது. ஒரு துணிக்கடை அக்கவுண்ட்ல 40 ராண்ட் வட்டி நின்னுட்டு இருந்தாலும் அது முடிஞ்சதா ஆகாது.

கவுன்சிலர் ஃபார்ம் 19 குடுத்த பிறகு பியூரோல உங்க ரிவ்யூ நெலமை மாறுச்சான்னு நீங்களே பாருங்க. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் ரெண்டுலயும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசம், சட்டப்படி உங்க உரிமை. ஒண்ணுல மாறி இன்னொண்ணுல மாறாம இருக்கும், அந்த நேரத்துல பேங்க்ல அப்ளை பண்ணினா மறுத்துருவாங்க, நீங்க அப்ளை பண்ணினதும் ரெக்கார்டுல ஒரு விசாரணையா ஏறும். அதனால மொதல்ல ரிப்போர்ட், அப்புறம் டீலர். மாறலன்னா ஃபார்ம் 19-ஓட பியூரோல டிஸ்ப்யூட் போடுங்க, 20 வேலை நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். அதுவரைக்கும் காட்ரெய்ன்லயும் பஸ்லயும் சமாளிங்க, சேமிச்ச தவணைக் காச டெபாசிட்டுக்கு ஒதுக்கி வைங்க. 10 சதவீதம் கைல வச்சுட்டு போனீங்கன்னா வட்டி பேச்சுல உங்க குரலும் கொஞ்சம் ஏறும், கடைசில ஒரு பெரிய தொகைய மொத்தமா கட்டுற பலூன் பேமெண்ட்னு டீலர் இழுத்தா வேணாம்னு சொல்லவும் தைரியம் வரும்.